அடுப்பைப் பார்க்காத துவையல்: வேலைநாள் இரவுக்கு ஒரு காய்கறி பெஸ்டோ பாஸ்தா

புதன்கிழமை இரவு ஏழே முக்கால். ஓ.எம்.ஆர். நெரிசலைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே மகளிடமிருந்து கேள்வி வந்துவிடும்: "இன்னிக்கு என்னப்பா டிபன்?" இட்லி மாவு முந்தாநாளே தீர்ந்திருக்கும். சப்பாத்திக்குப் பிசைய கையில் தெம்பு இருக்காது. ஆர்டர் போடலாமா என்று கை போனுக்குப் போகும்.

எங்கள் வீட்டில் அந்த இரவுகளுக்கென்று இருப்பது பெஸ்டோ பாஸ்தா. பெயரைக் கேட்டால் மெழுகுவத்தி ஏற்றி வைத்த ஓட்டல் ஞாபகம் வரும். நிஜத்தில் இது ஒரு பெரிய பாத்திரம், ஒரு மிக்ஸி ஜார், ஒரு அகலச் சட்டி, அவ்வளவுதான். தண்ணீரை அடுப்பில் வைத்ததிலிருந்து தட்டில் பரிமாறுவதுவரை 35 நிமிடம். முதல் தடவை 50 ஆகும். எது எப்போது பாத்திரத்துக்குள் போகிறது என்கிற வரிசை பிடிபட்டுவிட்டால் பிறகு கை தானாக ஓடும். அதனால் இந்த வழிகாட்டியில் அளவைவிட வரிசையைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில், இது என்ன பண்டம்?

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள ஜெனோவா நகரத்துச் சமையல் இது. பெஸ்டோ என்ற சொல்லுக்கே 'இடித்தது' என்றுதான் பொருள். பளிங்கு உரலில் பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, கல்லுப்பு, இரண்டு விதச் சீஸ் எல்லாவற்றையும் மர உலக்கையால் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைப்பார்கள். நம் வீட்டு வார்த்தையில் சொன்னால் துவையல். ஆனால் புளி இல்லை, மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை, தண்ணீர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பு இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை செய்தபோது வெந்த பாஸ்தாவை வாணலியில் போட்டு, அரைத்த பெஸ்டோவை மேலே கொட்டி, பழக்க தோஷத்தில் இரண்டு நிமிடம் வதக்கிவிட்டேன். பச்சை வாசனை போகட்டும் என்று எண்ணம். பச்சை வாசனைதான் அந்தப் பண்டமே என்று யார் சொன்னார்கள்? சீஸ் கயிறு கயிறாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொண்டது, எண்ணெய் தனியாகப் பிரிந்தது, நிறம் ஊறவைத்த மருதாணி போல ஆனது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னடா இது, புதினா சட்னியில சேமியாவைப் புரட்டின மாதிரி இருக்கு?" என்றார். தவறாகச் சொல்லவில்லை.

காய்கறி சேர்ப்பது நாம் செய்யும் கலப்படம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெனோவாவிலேயே உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் பாஸ்தா வேகும் அதே தண்ணீரில் போட்டு, ஒன்றாக வடித்து, பெஸ்டோவில் புரட்டும் வழக்கம் உண்டு. உருளை லேசாகக் கரைந்து பெஸ்டோவுக்கு ஒரு கெட்டித்தன்மை தரும். எங்கள் வீட்டுச் செய்முறையின் அடிப்படை இதுதான். கேரட்டும் பட்டாணியும் மட்டும் நான் சேர்த்தவை.

பேசில்: எங்கே கிடைக்கும், எது ஆகாது

துளசியைப் போட்டால் என்ன என்று எல்லோருக்கும் ஒரு தடவை தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டும் ஒரே குடும்பம், நெருங்கிய சொந்தம்கூட. ஆனால் துளசியில் கிராம்பின் காரவாசனை தூக்கலாக இருக்கும். அரைத்தால் ஜலதோஷக் கஷாயத்தைப் பாஸ்தாவில் ஊற்றிய மாதிரிதான். தொண்டைக்கு நல்லது, நாக்குக்கு இல்லை.

பேசிலுக்குத் தமிழில் பெயர் இல்லாமலில்லை. திருநீற்றுப்பச்சிலை என்பது அதே செடிதான். ஃபலூடாவில் வழுவழுவென்று மிதக்கும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதை. நாட்டு மருந்துக் கடையில் ஒரு சின்னப் பொட்டலம் சப்ஜா வாங்கி மொட்டைமாடித் தொட்டியில் தூவினால் ஒரு வாரத்தில் முளைவிடும். ஆனால் அதில் வருவது நம்மூர் வகை. இலை சிறியது, வாசனை கொஞ்சம் கூர்மையானது, சோம்பும் கற்பூரமும் லேசாகக் கலந்த மாதிரி இருக்கும். ஜெனோவா வகை இலை பெரிசு, குழிந்தது, மணம் மெத்தென்று இருக்கும். அந்த விதை நர்சரிகளில் தனியாகக் கிடைக்கும். பாஸ்தாவுக்கு அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் திருநீற்றுப்பச்சிலையை அளவில் கால்பங்கு குறைத்துப் போடலாம், மோசமில்லை. மாலை கட்டவென்று விற்பதைச் சமையலுக்கு எடுக்க மட்டும் எனக்குத் துணிவில்லை. அதற்கு என்ன மருந்து அடித்தார்களோ, யாருக்குத் தெரியும்.

வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னைச் சூடு இந்தச் செடிக்குப் பிடிக்கும், ஆனால் கத்திரி வெயில் நேராக விழுந்தால் இலை சுருண்டு கசக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் நிழல் கொடுங்கள். பூ மொட்டு வரும்போதே கிள்ளிவிடுங்கள். பூத்துவிட்டால் செடி இலை விடுவதை நிறுத்திவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். நான் இழந்த செடிகளில் பாதி டிசம்பருக்குள் போனவைதான்.

வாங்குபவர்களுக்கு: பெரிய காய்கறிக் கடைகளில், ப்ரோக்கோலி, லெட்யூஸ் வைத்திருக்கும் குளிர் அலமாரியில் சின்னப் பொட்டலமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஃப்ரிட்ஜில் தள்ளிவிடாதீர்கள். பேசிலுக்குக் குளிர் ஆகாது, மறுநாளே இலை கறுத்துப் போகும். காம்பின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, சமையலறையில் வெயில் படாத மூலையில் வையுங்கள். இரண்டு நாள் தாராளமாக இருக்கும்.

முழுக்க பேசிலிலேயே அரைப்பது வேலைநாள் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது. பாதிக்குப் பாதி பாலக் கீரை சேர்க்கிறேன். பாலக் நிறமும் அளவும் தரும், தனக்கென்று பிடிவாதமான சுவை வைத்துக்கொள்ளாது. பேசிலின் மணம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொத்தமல்லியிலோ புதினாவிலோ இந்த வேலை நடக்காது. கைப்பிடி போட்டாலே ஜாரைத் திறக்கும்போது சட்னி வாசனைதான் வரும். முருங்கைக்கீரை கசக்கும். அரைக்கீரையைப் போட்டுப் பார்த்தவர்கள் நன்றாக இருந்தது என்கிறார்கள், நான் இன்னும் முயலவில்லை.

மற்றச் சாமான்கள்

எண்ணெய். ஆலிவ் எண்ணெய் பாட்டிலில் 'பொமேஸ்' என்று போட்டிருந்தால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிழிந்த சக்கையிலிருந்து மறுபடி பிரித்துச் சுத்திகரித்த எண்ணெய் அது. பொரிக்கலாம், பச்சையாகச் சாப்பிட அதில் மணமில்லை. இங்கே எண்ணெயைச் சூடு காட்டாமல் அப்படியே சாப்பிடப் போகிறோம், அதனால் எக்ஸ்ட்ரா வர்ஜின் 250 மில்லி பாட்டில் ஒன்று வாங்கி இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். நல்லெண்ணெய் ஊற்றினால் இட்லிக்குத்தான் ஆகும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இன்று நம் வேலை வேறு.

பைன் கொட்டையின் விலையைக் கேட்டால் பசி அடங்கிவிடும். நமக்குப் பண்ருட்டி முந்திரி இருக்கிறது. இத்தாலியிலிருந்து பாட்டிலில் அடைத்து வரும் பெஸ்டோக்களின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் முந்திரிதான் இருக்கும். உடைத்த முந்திரி போதும், முழு முந்திரி பாயசத்துக்கு இருக்கட்டும். வேர்க்கடலை போட்டால் சட்னிப் பக்கம் சாயும், பொட்டுக்கடலை போட்டால் சட்னியேதான். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூசணி விதை நன்றாக ஒத்துழைக்கும்.

சீஸ் விஷயத்தில் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் பார்மெசான் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட்டைச் சேர்ப்பார்கள். இந்தியாவில் தயாராகும் பார்மெசான் வகைகளில் சைவ ரெனெட் சேர்த்தவை கிடைக்கின்றன. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கெட்டியான, உப்பான, பழகிய சீஸ் எதுவானாலும் சரி. ஃப்ரிட்ஜில் சீஸ் க்யூப் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையும் துருவிப் போடலாம், சுவை கொஞ்சம் மந்தமாக இருக்கும். அதை மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள், பசையாகிவிடும்.

பூண்டு சமாச்சாரத்தில் நம் கை தாராளம். இங்கே அடக்க வேண்டும். பச்சைப் பூண்டு, அதுவும் வதக்காமல். சின்னப் பல்லாக இரண்டு போதும். கொடைக்கானல் மலைப்பூண்டு வைத்திருந்தால் ஒரே பல், அதையும் நடுவிலிருக்கும் பச்சைக் குருத்தை எடுத்துவிட்டு. பூண்டு சேர்க்காத வீடுகளில் விட்டுவிட்டுச் செய்யலாம். அதற்குப் பதில் பெருங்காயம் போடலாமா என்று என் சித்தி கேட்டார். வேண்டாம் சித்தி.

பாஸ்தாவில் பென்னே அல்லது திருகு வடிவ ஃபுசிலி நல்லது, திருகுக்குள் பெஸ்டோ போய் ஒளிந்துகொள்ளும். பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். மைதா கலந்த மலிவு மக்ரோனி இரண்டு நிமிடம் கூடினால் கூழாகிவிடும்.

மூன்று பேருக்கு அளவு

பாஸ்தா 250 கிராம், அதாவது அரைக் கிலோ பாக்கெட்டில் பாதி. பேசில் இலை காம்பு நீக்கி 40 கிராம், அழுத்திப் பிடித்தால் இரண்டு கைப்பிடி. பாலக் இலை ஒரு பத்துப் பன்னிரண்டு. முந்திரி 30 கிராம், பூண்டு 2 சின்னப் பல், துருவிய சீஸ் 40 கிராம், ஆலிவ் எண்ணெய் 5 மேசைக்கரண்டி. காய்க்கு உருளைக்கிழங்கு நடுத்தர அளவில் ஒன்று, பீன்ஸ் 100 கிராம், கேரட் ஒன்று, உறைபட்டாணி ஒரு கைப்பிடி. கல்லுப்பு, மிளகு, அரை மூடி எலுமிச்சை.

இதற்குமேல் காய் ஏற்றினால் பாஸ்தாவைத் தேட வேண்டிவரும். குடமிளகாய் பேசிலோடு சண்டை போடும், எனக்கு வேண்டாம். ப்ரோக்கோலி அருமையாகச் சேரும். பூவோடு தண்டையும் தோல் சீவிப் போடுங்கள். சுக்கினி பெயரில்தான் பகட்டு, உள்ளே சுரைக்காயின் தம்பி. வேகவைத்தால் நீர்த்துப்போகும், தனியாக வதக்கிச் சேர்ப்பதானால் சேருங்கள். காலிஃப்ளவர் என்றால் வழக்கம்போல உப்புத் தண்ணீரில் போட்டு எடுங்கள், மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம்.

வேலை தொடங்கட்டும்

முகம் கழுவுவதற்கு முன்னாலேயே தண்ணீரை அடுப்பில் வையுங்கள். இரண்டரை லிட்டர், மூடி போட்டு, பெரிய பர்னரில். கொதிக்க 10 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மற்ற வேலை முடிந்துவிடும். கெட்டில் இருந்தால் ஒரு லிட்டரை அதில் காயவைத்து ஊற்றினால் இன்னும் சீக்கிரம். எங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், அதில் வேகவைத்தால் பாஸ்தாவில் ஒரு சப்பைச் சுவை இறங்குகிறது. அதனால் கேன் தண்ணீர்தான். கேன் தண்ணீரைக் கொட்டிச் சமைக்க மனம் வராது என்பதாலேயே, 100 கிராமுக்கு ஒரு லிட்டர் என்ற பொதுக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். கொஞ்சம் குறைந்தாலும் குற்றமில்லை. தண்ணீர் குறையக் குறைய அதில் மாவுச்சத்து கூடும், அது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

தண்ணீர் காயும்போது காய் நறுக்குங்கள். உருளையைத் தோல் சீவி ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக. பெரிதானால் பாஸ்தாவுக்கு முன்னால் வேகாது, சின்னதானால் காணாமலே போகும். பீன்ஸ் ஓர் அங்குல நீளத்துக்குச் சாய்வாக, பொரியலுக்கு நறுக்குவதுபோலப் பொடியாக வேண்டாம். கேரட் மெல்லிய அரைவட்டமாக.

இன்னொரு பர்னரில் முந்திரியை எண்ணெய் இல்லாமல் சிறுதீயில் மூன்று நிமிடம் வறுங்கள். சூடேறி வாசனை வந்தால் போதும். பொன்னிறம் வரை போனால் பொங்கலுக்குத்தான் சரி. உடனே தட்டில் கொட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு அரைத்தால் முந்திரி எண்ணெய் விட்டுக் களியாகிவிடும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் கல்லுப்பைக் குவித்து ஒரு மேசைக்கரண்டி போடுங்கள். ஒரு துளி ஆறவைத்து நாக்கில் விட்டால் ரசத்தின் உப்பு தெரிய வேண்டும். பாஸ்தாவுக்குள் உப்பு ஏறுவது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். எண்ணெய் விடாதீர்கள். அது மேலே மிதந்து, வடிக்கும்போது பாஸ்தாவின்மேல் பூசிக்கொள்ளும், பிறகு பெஸ்டோ ஒட்டாமல் வழுக்கும். ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் முதல் இரண்டு நிமிடம் கிளறினாலே போதும்.

பாஸ்தா போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. பாலக் இலைகளை அந்தக் கொதிக்கும் தண்ணீரில் 30 விநாடி முக்கி, ஜல்லிக்கரண்டியால் அள்ளி, ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் போடுங்கள். கீரையின் பச்சை வாடை போய் நிறம் மரகதமாக நிற்கும். பேசிலையும் முக்க வேண்டுமா? அன்றைக்கே சாப்பிடுவதானால் வேண்டாம், பச்சையாக அரைத்த மணத்துக்கு ஈடில்லை. மறுநாள் டிபன் பாக்ஸுக்கும் சேர்த்து அரைப்பதானால் பத்தே விநாடி காட்டி எடுங்கள். வெட்டுப்பட்ட இலையைக் கறுக்கவைக்கும் நொதி அந்தச் சூட்டில் அடங்கிவிடும். கத்தரிக்காய் நறுக்கியதும் கறுக்கிறதே, அதே சங்கதிதான். மணத்தில் கொஞ்சம் போகும், நிறம் நிற்கும். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. முக்கி எடுத்த இலைகளை நன்றாகப் பிழிந்துவிடுங்கள், தண்ணீர் ஜாருக்குள் போகக் கூடாது.

இப்போது பாஸ்தாவும் உருளையும் ஒன்றாகப் பாத்திரத்துக்குள். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் போனில் 10 வையுங்கள். கடைசி 6 நிமிடம் இருக்கும்போது பீன்ஸும் கேரட்டும், கடைசி 2 நிமிடம் இருக்கும்போது பட்டாணி. ப்ரோக்கோலி என்றால் கடைசி 3 நிமிடம். ஸ்பகெட்டி எடுத்தால் கணக்கு மாறும். அது 8, 9 நிமிடத்தில் வெந்துவிடும் என்பதால் உருளையை 3 நிமிடம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

இந்தப் பத்து நிமிடத்துக்குள் பெஸ்டோ தயாராகிவிடும். சட்னி ஜாரை, முடிந்தால் காலையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மிக்ஸியின் முதல் எதிரி சூடு. பிளேடு சுற்றச் சுற்ற ஜார் சூடாகும், இலை அதிலேயே வெந்து நிறம் மங்கும். ஆறிய முந்திரி, பூண்டு, அரைத் தேக்கரண்டி உப்பு மூன்றையும் முதலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். பிறகு பேசில், பிழிந்த பாலக், மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். விப்பரில் விட்டு விட்டு, ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடிக்கு மேல் போகாமல். நடுவில் திறந்து ஓரத்தை வழித்துவிடுங்கள். ஆறேழு தடவையில் முடிந்துவிடும். தோசைக்கு அரைப்பதுபோல மையாக்க வேண்டாம், விரலில் தொட்டால் இலையும் முந்திரியும் தட்டுப்பட வேண்டும்.

மிக்ஸி சுற்றாமல் அடம்பிடிக்கும், அப்போது கை தண்ணீர்ச் செம்புக்குப் போகும். நில்லுங்கள். இன்னொரு கரண்டி எண்ணெய் விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒரே ஒரு ஐஸ்கட்டி, அதுவும் அன்றைக்கே தீர்த்துவிடுவதானால்.

அரைத்ததைச் சாப்பாட்டுக்கான அகலச் சட்டிக்கு மாற்றி, துருவிய சீஸையும் மீதி இரண்டு கரண்டி எண்ணெயையும் கரண்டியாலேயே கலந்துகொள்ளுங்கள். நல்ல ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் அதிகம் அடித்தால் சில சமயம் கசப்புத் தட்டும், அதனால் ஒரு பகுதியையாவது கையால் கலப்பது பாதுகாப்பு.

வீட்டில் சின்னக் கல்லுரல் இருந்து ஞாயிற்றுக்கிழமை மனமும் இருந்தால் ஒரு தடவை அதில் இடித்துப் பாருங்கள். பூண்டும் உப்பும் முதலில், பிறகு முந்திரி, பிறகு இலை. குழவியைக் குத்தாமல் ஓரத்தில் தேய்த்துச் சுழற்ற வேண்டும். இருபது நிமிடம் ஆகும், தோள் வலிக்கும். அந்த மணம் மிக்ஸியில் வராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேலைநாளில் மிக்ஸி போதும்.

மணி அடித்ததும் ஒரு பாஸ்தாவைக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு ஊசிமுனை அளவுக்குக் கடினம் இருக்கலாம், மாவாகக் கூடாது. உருளையைக் கரண்டியால் அழுத்தினால் உடைய வேண்டும். அடுப்பை அணையுங்கள். வடிப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள். வடித்த கஞ்சியின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இது பாஸ்தாவின் கஞ்சி. மறந்து சிங்க்கில் கொட்டிவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. இப்போதெல்லாம் டம்ளரை வடிகூடைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன், எடுத்தால்தான் வடிக்க முடியும்.

வடித்த பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள், ஒட்டும் மாவு முழுக்கக் கழுவிப் போய்விடும். சட்டியில் இருக்கும் பெஸ்டோவில் அந்த டம்ளரிலிருந்து மூன்று, நான்கு கரண்டி விட்டுத் தளர்த்துங்கள். கொதி அடங்கியிருக்கட்டும், சூடு இருக்கட்டும். பிறகு பாஸ்தாவும் காயும் மேலே. அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். ஒரு நிமிடத்தில் கஞ்சியும் எண்ணெயும் சீஸும் ஒன்றாகிப் பளபளவென்று பூசிக்கொள்ளும். இறுகினால் இன்னொரு கரண்டி தண்ணீர். பாஸ்தா இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், சட்டியில் கொஞ்சம் தளர்வாகத் தெரிவதுதான் தட்டில் சரியாக இருக்கும்.

மிளகைத் தட்டிப் போடுங்கள். எலுமிச்சை ஜெனோவாவில் கிடையாது. எனக்கு நாலு சொட்டு வேண்டும், அதுவும் தட்டில்தான். முன்கூட்டியே பிழிந்தால் புளிப்பு பச்சையைக் கொன்று காக்கி நிறமாக்கிவிடும். காரம் கேட்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, பீட்சாவோடு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் சேர்ந்துகிடக்கும் சில்லி ஃப்ளேக்ஸ் பொட்டலம். எந்த வீட்டிலும் குறைந்தது பத்து இருக்கும், செலவழிக்க இதுவே சமயம்.

கையை மீறிப் போனால்

உப்பு ஏறிவிட்டதா? சீஸிலும் தண்ணீரிலும் இருப்பதை மறந்து அரைக்கும்போது தாராளமாகப் போட்டிருப்பீர்கள். வேகவைத்த உருளை இன்னொன்றோ, கைப்பிடி வெந்த கொண்டைக்கடலையோ சேர்த்துப் புரட்டுங்கள். கசந்தால் பெரும்பாலும் முற்றிய பேசில், அல்லது பூத்த செடியின் இலை. ஒரு கரண்டி ஃப்ரெஷ் க்ரீம் கொஞ்சம் காப்பாற்றும். பூண்டு நெடி தலைக்கேறினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள்.

எண்ணெய் பிரிந்து பாஸ்தா உலர்ந்தமாதிரி தெரிந்தால் கஞ்சித் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு கரண்டி சூடாக விட்டு வேகமாகப் புரட்டினால் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

மிச்சம்

கிடைக்கும் அன்று பேசிலை அதிகமாக வாங்கி இரண்டு மடங்கு பெஸ்டோவாக அரைத்துவிட்டால் அடுத்த வாரத்து இரவு ஒன்றும் சுலபமாகும். சீஸ் சேர்க்காமல் அரைத்து, ஐஸ் ட்ரேயில் நிரப்பி உறையவைத்து, கட்டியானதும் ஒரு பையில் போட்டு ஃப்ரீசரிலேயே வையுங்கள். இரண்டு மாதம் தாங்கும். ஆளுக்கு இரண்டு கட்டி. கட்டியை உருகவிட்ட பிறகு சீஸைக் கலந்துகொள்ளலாம். ஃப்ரிட்ஜில் என்றால் சின்னப் பாட்டிலில் அழுத்தி நிரப்பி, மேலே எண்ணெய் மூடினாற்போல் விட்டு, மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஊறுகாய் மாதிரி வெளியே வைக்கும் பொருள் இல்லை இது. பச்சைப் பூண்டை எண்ணெய்க்குள் மூழ்கவைத்து அறைச் சூட்டில் விட்டால், காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு வழி செய்து கொடுத்ததாகும். ஃப்ரிட்ஜில் வைத்தது நெடுநேர மின்வெட்டில் சூடாகிப் போனால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கலந்த பாஸ்தா மிஞ்சினால் மறுநாள் காலை டிபன் பாக்ஸில் கட்டலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது இறுகிக் கிடக்கும். அடுப்பில் ஏற்றாமல், இரண்டு கரண்டி கொதிநீர் தெளித்து மூடி ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் கிளறினால் தளரும். என் மகள் ஆறியதையே விரும்புகிறாள்.

ஜாரில் ஒட்டியிருக்கும் கடைசிக் கரண்டி பெஸ்டோ அம்மாவுடையது. தோசை கல்லிலிருந்து இறங்கியதும் அதன்மேல் தடவி மடித்துக் கொடுத்தால், "இதுக்குத்தான்டா இது சரி" என்பார். பாஸ்தாவைப் பற்றி அவர் அபிப்பிராயம் இன்னும் மாறவில்லை.